உறைபனிக் காலத்தில் வீட்டு வாத்துகள்: கொல்மாரிலும் பாகூரிலும்

18 நவம்பர் 2024. வாசகர் கேள்வி

அக்கா, எனக்குக் கடலூர் முதுநகர் சொந்த ஊர். இப்போது பிரான்சில் கொல்மாருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். இந்த வசந்தத்தில் வாத்துகள் வாங்கித் தோட்டத்தில் வளர்க்கிறோம். சில காக்கி கேம்பெல், மற்றவை நம் ஊரில் மணிலா வாத்து என்று சொல்வோமே, அந்த வகை. இன்னும் சில வாரங்களில் இங்கே தண்ணீர் உறையத் தொடங்கிவிடும். கூண்டுக்குள் வெப்ப விளக்கு போடாவிட்டால் செத்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார், போடவே கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். நீங்கள் பிரான்சிலும் புதுச்சேரிப் பக்கம் பாகூரிலும் வளர்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

19 நவம்பர் 2024

தம்பி, வளர்ந்த வாத்துக்கு வெப்ப விளக்கு வேண்டாம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த காலத்தில் பிரான்சில் பெல்ஃபோருக்கு அருகே ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். வோஜ் மலையிலிருந்து இறங்கும் குளிரில் அங்கே பல குளிர்காலம் வாத்து வளர்த்த பிறகுதான் இதை உறுதியாகச் சொல்கிறேன். காய்ந்த வைக்கோலும் தூசியும் இறகும் நிறைந்த மரக்கூண்டில் சூடான விளக்கைத் தொங்கவிடுவது தீயை வரவழைக்கும் வேலை. அதைவிட முக்கியமான காரணம், வாத்துக்கு அந்தச் சூடு தேவையே இல்லை என்பது.

வாத்தின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41, 42 டிகிரி செல்சியஸ். மேல் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. வால் தொடங்கும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து வாத்து நாள் முழுக்க இறகில் தடவிக்கொள்வதால் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. காலுக்கு இறகு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும் உடலுக்குத் திரும்பும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்வதால், இறங்கும் இரத்தத்தின் சூடு ஏறும் இரத்தத்துக்கு வழியிலேயே கைமாறிவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்ந்தே இருக்கும். அதனால் பனியில் நின்றாலும் உடலின் வெப்பம் அதிகம் வீணாவதில்லை.

வாத்தைக் கொல்வது ஈரமான படுக்கை, தேங்கிய காற்று, உறைந்துபோன குடிநீர் ஆகிய மூன்றுதான். உங்கள் உழைப்பையும் பணத்தையும் அவற்றின் மீது செலவிடுங்கள்.

முதலில் கூண்டின் காற்று. வாத்து மூச்சிலும் எச்சத்திலும் வெளியேற்றும் ஈரம் கோழியுடையதை விட மிக அதிகம். குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் கூரையில் படிந்து சொட்டும். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். வாத்து உட்கார்ந்திருக்கும் உயரத்தில் ஒரு சிறு கீறல்கூட இல்லாமல் அடைத்துவிட்டு, கூரைக்குக் கீழே இரு பக்கமும் காற்றுப்போக்கிகளைக் கம்பி வலையிட்டுத் திறந்தே வையுங்கள். காலையில் கூண்டின் உட்சுவரில் வெண்பனி படிந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அதைப் பார்த்துக் குளிர் உள்ளே வந்துவிட்டது என்று எண்ணி மேலும் அடைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; அடுத்த வாரமே வாத்துகள் மூக்கில் நுரை தள்ளிக்கொண்டு நிற்கும்.

19 நவம்பர் 2024, இரவு

படுக்கையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. உலர் புல்லை வாங்காதீர்கள், அது எளிதில் பூசணம் பிடிக்கும். கோதுமை வைக்கோல் வாங்கி அரை அடிக்குக் குறையாமல் பரப்பிவிட்டு, நாள்தோறும் மேலே ஒரு கை உலர்ந்த வைக்கோல் போட்டு வந்தால் அடி அடுக்கு மெல்ல மக்கிச் சிறிது வெப்பமும் தரும். வாத்து ஒன்றுக்கு நான்கு சதுர அடியாவது இடம் வேண்டும்.

23 நவம்பர் 2024

தண்ணீரைப் பற்றித் தம்பி தனியாகக் கேட்டிருக்கிறார். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உறைபனி நாடுகளில் வாத்து வளர்ப்பின் பாதி வேலை தண்ணீர் சுமப்பதுதான்.

வாத்து தீவனத்தைத் தண்ணீரோடு சேர்த்தே விழுங்கும். தண்ணீர் இல்லாமல் உலர் தீவனம் மட்டும் கிடைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இருக்கக் கூடாது. இரவில் கூண்டுக்குள் தண்ணீர் வைத்தால் விடிவதற்குள் வைக்கோல் முழுவதையும் சேறாக்கிவிடும் என்பதால், பெல்ஃபோரில் மாலையில் நன்றாகத் தின்று குடிக்க விட்டுவிட்டு, இரவில் இரண்டையும் எடுத்துவிடுவோம். வளர்ந்த வாத்து அந்த ஓர் இரவைத் தாங்கும். விடிந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும், அதில் தாமதம் கூடாது.

பாத்திரம் தலை முழுவதும் முங்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். மூக்குத் துளையையும் கண்ணையும் வாத்து அப்படித்தான் கழுவிக்கொள்கிறது. கோழிக்கு வைக்கும் ஆழமில்லாத தட்டில் அது முடியாது, கண் ஒட்டிப் புண்ணாகும். கெட்டியான பிளாஸ்டிக் வாளி உறைந்தால் வெடிக்கும். தடித்த கறுப்பு ரப்பர் தொட்டி வாங்குங்கள். உறைந்த பிறகு கவிழ்த்துக் காலால் மிதித்தால் பனிக்கட்டி தனியாக விழுந்துவிடும். காலையில், நண்பகலில், மூன்று மணிவாக்கில் வெதுவெதுப்பான நீர் மாற்றினால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். கொதிநீர் ஊற்ற வேண்டாம்.

குளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விளிம்பில் உறைந்து நடுவில் திறந்திருக்கும் குளத்தில் வாத்தை விடாதீர்கள். பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டால் வெளியே வர வழி தெரியாது. முழுக்க உறைந்துவிட்டால் குளத்தின் நடுவில் இருக்கும் வாத்தையும் நரி நடந்து வந்து பிடித்துவிடும். தண்ணீரில் இருக்கும்வரை வாத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தண்ணீர் கெட்டியானவுடன் போய்விடுகிறது.

இந்த மாதங்களில் எங்கள் ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் வடக்கே வெகு தொலைவிலிருந்து வந்து இறங்குகின்றன. குளிரைத் தாங்க முடியாமல் அவை வருகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே நீர் உறைந்து தீனி அதற்கடியில் பூட்டிக்கொள்வதுதான் அவற்றைப் பெரிதும் கிளப்புகிறது. வீட்டு வாத்துக்குக் கிளம்பிப் போக வழியில்லை, அதனால் அந்த நீரைத் திறந்து வைக்கும் பொறுப்பு வளர்ப்பவருடையது.

27 நவம்பர் 2024

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சல் அபாயத்தை இந்த மாதம் பிரான்ஸ் அரசு நாடு முழுவதும் உயர்நிலைக்கு உயர்த்தியிருக்கிறது. வீட்டில் சில பறவைகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் விதிகள் உண்டு: பதிவு செய்திருக்க வேண்டும், காட்டுப் பறவையோடு கலக்காதபடி அடைத்தோ வலை கட்டியோ வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் அங்கே தொடங்கிய வாத்துத் தடுப்பூசித் திட்டம் 250க்கு மேல் வாத்து வளர்க்கும் பண்ணைகளுக்கானது, உங்களுக்கு அது பொருந்தாது. தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்கு அடியில் வையுங்கள். தோட்டத்துக்கென்று தனிக் காலணி வைத்துக்கொள்ளுங்கள்.

அடைத்து வைக்கும்போது படுக்கை இருமடங்கு வேகத்தில் நனையும் என்பதால், நான் சொன்ன ஒரு கை வைக்கோலை இரண்டு கையாக்குங்கள்.

இங்கே வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. வாத்துக் கொட்டகையின் கீற்றைச் சவுக்குக் கழி வைத்து இறுக்கிக் கட்டப் போகிறோம்.

4 டிசம்பர் 2024

மின்சாரம் இன்றுதான் வந்தது. ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. அதற்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதில் தென்பெண்ணை கரை மீறி, கடலூரும் எங்கள் பாகூர்ப் பக்கமும் வெள்ளக்காடாயின. 2011இல் தானே புயல் காற்றால் அழித்தது. இது தண்ணீரால் அழித்திருக்கிறது.

வாத்துகளைத் திண்ணைக்கு ஏற்றி, கோழிக்கூடைகளைக் கவிழ்த்து, மேலே கல் வைத்து இரவைக் கழித்தோம். வாத்துக்கு வெள்ளத்தில் என்ன பயம், நீந்திக்கொள்ளுமே என்று பக்கத்து வீட்டில் கொட்டகையை மூடியபடியே விட்டிருந்தார்கள். உள்ளே நீர் ஏறி, ஏற இடமில்லாமல், இறகு முழுக்க நனைந்து பாதிக்கு மேல் இறந்துவிட்டன. மிச்சமிருந்தவற்றை எடுத்து வந்து துடைத்தபோது நடுங்கிக்கொண்டிருந்தன. வெளியே 23, 24 டிகிரிதான் இருந்திருக்கும்.

தம்பியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பெல்ஃபோரில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில், காய்ந்த வைக்கோலின் மேல், தலையை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு அமைதியாகத் தூங்கிய அதே இனம், பாகூரில் நாம் சட்டையோடு நிற்கும் வெப்பத்தில் நடுங்கிச் சாகிறது. சாக்கடையும் வண்டி எண்ணெயும் சோப்பு நுரையும் கலந்த வெள்ளநீர் இறகின் எண்ணெயைக் கரைத்துவிட்டால், மென்தூவி நனைந்து உடலோடு ஒட்டி, அதில் காற்று நிற்க இடமில்லாமல் போகிறது. அந்த நிலையில் சாதாரணக் காற்றே போதும்.

நனைந்த வாத்துக்குச் செய்ய வேண்டியவை: சுத்தமான வெதுவெதுப்பான நீரில் அழுக்கை அலசிவிட்டு, பழைய துணியால் ஒற்றி எடுத்து, காற்று வீசாத அறையில் உமி பரப்பி விடுங்கள். வளர்ந்த வாத்துக்கு இந்த நிலையில் மட்டும் விளக்கு போடலாம். எண்ணெய்ப் பூச்சு திரும்பும்வரை நீந்த விடாதீர்கள். தலை கழுவ ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் போதும். நல்லெண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அது இறகை இன்னும் ஒட்ட வைக்கும்.

9 டிசம்பர் 2024

வெள்ளம் வடிந்த பிறகு வரும் ஆபத்துகளைக் கடலூர்ப் பக்கத்து வாசகர்களுக்காக எழுதுகிறேன். கொல்மார்த் தம்பி பொறுத்துக்கொள்ளட்டும்.

வயலில் அழுகிக் கிடக்கும் கோழி, எலி, மீன் ஆகியவற்றில் நெளியும் புழுவை வாத்து ஆசையாகத் தின்னும். அழுகிய உடலில் உண்டாகும் பாட்டுலிசம் நஞ்சு அந்தப் புழுவின் வழியாக வாத்துக்குப் போய், முதலில் கால் தளர்ந்து, பிறகு கழுத்துத் துவண்டு, கடைசியில் மூச்சு நின்றுவிடும். கொட்டகையைச் சுற்றி இறந்து கிடப்பவற்றை எடுத்துப் புதைத்த பிறகே வாத்தைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது நனைந்த புண்ணாக்கு. எங்கள் பகுதியில் மல்லாட்டைப் (வேர்க்கடலை) புண்ணாக்கு மலிவாகக் கிடைப்பதால் எல்லோரும் தவிட்டோடும் நொய்யோடும் அதைக் கலந்து வைக்கிறார்கள். மழைக்காலத்தில் அதில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சை வீட்டுப் பறவைகளில் மிகக் குறைவாகத் தாங்குவது வாத்துக் குஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருவாரியாக இறந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வாத்துக் குஞ்சுகளும் அப்போது இறந்தன. வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். காய வைத்தால் பூஞ்சை உலரும், நஞ்சு அப்படியே இருக்கும். முகர்ந்து பார்த்து மக்கு வாசனை வந்தால் விலையைப் பாராமல் குப்பைக்குழியில் போட்டு மூடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பால் வழியாக அது நமக்கே வரும்.

காரணம் தெரியாமல் அடுத்தடுத்து இறந்தால் புதுச்சேரி குரும்பாப்பட்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இறந்த வாத்தை எடுத்துச் சென்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். வாத்து பிளேக், வாத்து காலரா இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

22 டிசம்பர் 2024

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர், மார்கழிப் பனிக்கு வாத்துக் கொட்டகையில் குண்டு பல்பு எரிய விட வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் ஐயா. நம் மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். அது வாத்துக்குக் குளிரே அல்ல. ஆனால் பனி இறங்காமல் கூரை ஒழுங்காக இருக்க வேண்டும், தரை உலர்ந்திருக்க வேண்டும்.

இங்கே நவம்பர் 19 இரவு எழுதிய குறிப்புக்கு ஒரு வரம்பு சொல்கிறேன். வைக்கோலை அடுக்கிக்கொண்டே போகும் முறை உறைபனி நாட்டுக்கு ஏற்றது, ஏனென்றால் அங்கே குளிர் பூஞ்சையைத் தூங்க வைக்கிறது. நம் ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் அதே அடுக்கு சில நாளிலேயே பூசணம் பிடித்து, அதன் தூள் வாத்தின் நுரையீரலில் போய் வளரும். வாய் திறந்து மூச்சு வாங்கி இறப்பவற்றில் கணிசமானவை இந்த நோயால் இறப்பவை. இங்கே மண்ணை ஒரு முழம் உயர்த்தி மெத்தி, மேலே ஆற்று மணல் பரப்பி, அதன்மேல் உமியோ மல்லாட்டைத் தோலோ போட்டு, நனைந்ததை அன்றன்றே வாரிவிடுவதுதான் சரி. உமியும் தோலும் உலர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

6 ஜனவரி 2025

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். மணிலா வாத்துச் சேவலின் முகத்திலுள்ள சிவப்புச் சதைக் கொண்டையின் ஓரம் வெளிறிக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. அது உறைபுண்.

வளர்ந்த வாத்துக்கு வெப்பம் வேண்டாம் என்று முதலில் எழுதியது காக்கி கேம்பெல், பெக்கின், நம் ஆரணி வாத்து போன்றவற்றுக்கு முழுமையாகப் பொருந்தும். அவை எல்லாம் வடபுலத்துக் காட்டு வாத்தின் வழித்தோன்றல்கள். மணிலா வாத்து தென் அமெரிக்க, நடு அமெரிக்க வெப்பக் காடுகளிலிருந்து வந்த தனி இனம். அதன் எண்ணெய்ச் சுரப்பு குறைவு, முகத்தில் இறகில்லாத சதை அதிகம். கடுங்குளிர் இரவுகளில் அதற்குக் காற்றுப் படாத, பலகைகளுக்கிடையே வைக்கோல் திணித்த அறை வேண்டும். உயரத்தில் உட்கார விரும்பும் பறவை அது. உருண்டைக் கழி வைத்தால் விரல் வெளியே நீட்டிக்கொண்டு உறையும். அகலமான பலகை வைத்தால் வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும்.

உறைந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். நம் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் நீரில் நனைத்த துணியை மெல்ல ஒற்றுங்கள், அடுப்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். மீண்டும் உறைந்தால் சேதம் மிக அதிகமாகும் என்பதால், ஒரு முறை இளக வைத்த வாத்தைக் குளிர் தணியும்வரை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கறுத்த நுனியை வெட்டக் கூடாது, தானே காய்ந்து விழும். வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே ஆறேழு டிகிரிக்கு இறங்கும் நாட்களில் எந்த இனமானாலும் பாதத்தைக் கவனியுங்கள். பனியின்மேல் வைக்கோல் தூவிப் பாதை போட்டுக் கொடுத்தால் அதன்மேல் நடக்கும். ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றால் அது இயல்பு. நடக்க மறுத்துப் படுத்தே கிடந்தால் தூக்கிக் காலைப் பாருங்கள்.

7 ஜனவரி 2025

மாலைத் தீனியில் மக்காச்சோளமும் கோதுமையும் கூட்டுங்கள். செரிக்கும்போது இரவு முழுவதும் உடலுக்குச் சூடு கிடைக்கும். ரொட்டித் துண்டு வேண்டாம், வயிறு நிறையும், சத்து இராது.

19 ஜனவரி 2025

முட்டை நின்றுவிட்டது, நோயா என்று கேட்டிருக்கிறார். நோயில்லை. வாத்து தொடர்ந்து முட்டையிட ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். கொல்மாரில் இப்போது ஒன்பது மணி நேரத்தைத் தாண்டாது. செயற்கை விளக்கு வைத்து முட்டையிட வைப்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ஃபோரில் நாங்கள் அதைச் செய்யவில்லை. இறகு புதுப்பித்து உடல் தேறும் காலம் அது, அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. காக்கி கேம்பெல் ஒன்றிரண்டு இட்டால் விடியற்காலையிலேயே எடுத்துவிடுங்கள். உறைந்து ஓடு வெடித்த முட்டையை உண்ண வேண்டாம்.

16 பிப்ரவரி 2025

மணிலா வாத்து முகத்தில் கறுத்த ஓரம் உதிர்ந்து ஆறிவிட்டதாம். மகிழ்ச்சி. பனி உருகும் மாதம் தொடங்குவதால் தோட்டம் சேறாகும். படுக்கை நனையும் காலம் உண்மையில் இனிமேல்தான். வைக்கோலை இப்போது குறைத்துவிடாதீர்கள்.

வசந்தத்தில் குஞ்சு பொரிக்க விரும்புகிறார். காக்கி கேம்பெல் சரியாக அடைகாக்காது. நம் ஊரில் செய்வது போல அடைக்கோழியின் அடியில் வைக்கலாம், 28 நாள் ஆகும். மணிலா வாத்து தானே அடைகாக்கும், 35 நாள். இங்குதான் விளக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது. அடைக்கோழி இல்லாமல் வளர்த்தால் குஞ்சுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 32 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். கோழி அடைகாத்த குஞ்சின் தூவியில் தாய் வாத்தின் எண்ணெய் ஒட்டியிருக்காது என்பதால், நான்கைந்து வாரம் வரை நீந்த விட்டால் நனைந்து குளிர்ந்து இறந்துவிடும். கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுப்பதாக இருந்தால் அதில் நியாசின் என்ற வைட்டமின் போதாது, கால் வளைந்துவிடும். மதுவடிப்பு ஈஸ்ட்டைத் தூளாக வாங்கி ஈரத் தீவனத்தில் கலந்து கொடுங்கள். எட்டு வாரத்தில் முழு இறகு வந்துவிடும், அதன்பின் விளக்கைக் கழற்றிவிடலாம்.